கொடிவேரிக்குப் புறப்படும் பனியன் கம்பெனித் தோழர்களுக்கு



சனிக்கிழமை இரவு கைக்கு வந்த சம்பளத்தில் வீட்டு வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் போக மிஞ்சியதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து, வேன் ஒன்றைப் பேசி அமர்த்தி, ஞாயிற்றுக்கிழமை பொழுது புலருமுன்னே முதலிபாளையம் சிட்கோ முனையிலும் காங்கயம் சாலை ஓரத்திலும் குழந்தைகளோடும் கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடும் நீங்கள் காத்து நிற்பதை, பால் வாங்கப் போகும் வழியில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன் நான். "எங்கே கண்ணு, கொடிவேரியா?" என்று கேட்டால், "ஆமாங்க, நீங்களும் வாங்க" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே அழைப்பதும் உண்டு. அந்தச் சிரிப்பை நம்பித்தான் இம்மடலை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாரமெல்லாம் உழைத்துச் சேர்த்த காசை ஒரே நாளில் ஆற்றங்கரையில் கொண்டுபோய்க் கரைப்பதா என்று உங்களைக் குறை கூறுவோர் நம் ஊரில் சிலர் இருக்கிறார்கள்; அவர்கள் கட்சியில் நான் இல்லை. ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னே முதுகு வளைந்து, காதில் அதன் இரைச்சலும் மூக்கில் பஞ்சுத் தூசியுமாக, ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்டும் இரண்டு ஷிப்டும் பார்க்கிற உடம்பு, செக்கிங் மேசையின் வெள்ளை விளக்கொளியில் தையல் பிசகைத் தேடித் தேடிச் சிவந்த கண்கள், அயர்ன் டேபிளின் ஆவியிலே வெந்த கைகள், இவையெல்லாம் வாரத்தில் ஒரு நாளாவது ஓடுகிற தண்ணீரையும் மரநிழலையும் யாசிப்பது நியாயமேயன்றி ஆடம்பரமாகாது. உலகமெங்கும் மனிதர் அணியும் உள்ளாடையையும் சட்டையையும் தைத்துக் கொடுக்கிற இந்தத் திருப்பூர்ப் பட்டணம், தைத்துக் கொடுப்போருக்கு ஒரு நாள் உல்லாசமாக உட்கார்ந்து எழுந்திருக்க ஓர் ஆற்றங்கரையை மிச்சம் வைக்கவில்லை என்பதே உண்மை. ஆகையால் நீங்கள் பெருமாநல்லூர், குன்னத்தூர், கோபிசெட்டிபாளையம் என்று சுமார் 70 கிலோமீட்டர் கடந்து, பவானி ஆற்றை நாடிப் போகிறீர்கள். போங்கள். போகிற இடம் எப்பேர்ப்பட்டது என்பதை மட்டும் இந்தக் கிழவன் வாயிலாக ஒருமுறை கேட்டுக்கொண்டு போங்கள்.

குன்னத்தூர் வரையில் நம் பக்கத்தைப் போலவே வறண்ட மேட்டுக்காடாக வருகிற வழி, கோபியைத் தாண்டிச் சத்தியமங்கலம் சாலையில் ஏறியதும் சட்டென்று குளிர்ந்து, இருமருங்கிலும் நெல்லும் கரும்பும் வாழையும் தென்னையுமாக மாறுவதை வேனின் ஜன்னல் வழியே நீங்கள் பார்த்திருப்பீர்கள்; செல்பேசியில் படம்கூடப் பிடித்திருப்பீர்கள். அந்தப் பசுமை தானாக வந்ததன்று. நீலகிரி மலைத்தொடரிலே பிறந்து, அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் போய்த் திரும்பித் தமிழ்நாட்டில் புகுந்து, மேட்டுப்பாளையத்தைக் கடந்து, பவானிசாகரில் மோயாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு வருகிற பவானி நதியை, 1125-ஆம் ஆண்டில், கொங்காள்வான் என்னும் சிற்றரசன் கொடிவேரியிலே கல்லால் மறித்து, வடகரையில் அரக்கன்கோட்டை வாய்க்காலும் தென்கரையில் தடப்பள்ளி வாய்க்காலும் பிரியும்படி செய்தான் என்பது அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. பாறைகளை வெட்டி அடுக்கி, இரும்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, சுண்ணாம்புக்குப் பதிலாக ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள் என்றும், வெள்ளம் வற்றிய காலத்தில்தான் அந்த வேலைப்பாடு கண்ணுக்குப் புலப்படும் என்றும் சொல்வார்கள். இந்தக் கணக்கின்படி 900 ஆண்டுகள் ஆகின்றன. இன்றைக்கும் அவ்விரு வாய்க்கால்களின் பாசனம் 24,504 ஏக்கர். நீங்கள் தலைகொடுத்து நிற்கிறீர்களே, சலவைப்பட்டறையில் வெளுத்த துணியை ஆறு முழுவதும் விரித்துத் தொங்கவிட்டாற்போல் விழுகிற அந்த நீர், வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது போக வழிந்து வருகிற மிச்சம். அது நீர்வீழ்ச்சியென்று இயற்கை அமைத்ததன்று. நாம் குளிப்பதற்கென்று எவரும் கட்டியதுமன்று. பல ஊர்களின் சோற்றுக்காகக் கட்டிய ஓர் அணையின் முற்றத்தில் நாம் விருந்தாளிகளாகக் குளித்துவிட்டு வருகிறோம்.

விருந்தாளி என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். சென்ற சித்திரை மாதத்தில் பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று நானும் அங்கே போயிருந்தேன். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, சிறுவர் பூங்காவைக் கடந்து, படியிறங்கித் தண்ணீரில் காலை வைக்குமுன்பே கண்ணில் பட்டவற்றை எழுதக் கை கூசுகிறது. ஷாம்பூ உறைகள் பாறையிடுக்கெல்லாம் ஒட்டிக் கிடந்தன. பிரியாணி தின்ற தெர்மோகோல் தட்டுகள் ஓடுநீரில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. வண்டி துடைக்கிற பனியன் வேஸ்ட் துணிப் பந்து ஒன்று, நம் ஊர் முத்திரையைக் குத்திக்கொண்டு வந்ததுபோல், நாணல் புதரில் சிக்கியிருந்தது. சற்று நேரத்தில் என் சின்னப் பேத்தி, ஏழு வயதுக் குழந்தை, வீலென்று அலறினாள். பாறைக்கு அடியில் உடைந்து கிடந்த மதுப்புட்டியின் சில்லு அவள் குதிகாலைக் கிழித்துவிட்டது. கரையில் மீன் வறுத்து விற்கிற அம்மாள் ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு, நாங்கள் எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். "திருப்பூருங்களா? உங்க ஊரு வேனுங்க வந்துட்டுப் போனா, திங்கக்கெழமை காலையில நாங்க சாக்கு சாக்கா அள்ளறோமுங்க" என்றாள். அவள் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் திருப்பூரார் அல்லர். ஈரோட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கர்நாடகத்திலிருந்துங்கூட ஜனங்கள் வருகிறார்கள் என்பதை நான் அறியாமலில்லை. ஆனாலும் மற்ற ஊராரிடம் சொல்லாமல் உங்களிடம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நதியைச் சாகக் கொடுத்த ஊர் நம்முடையது. ஆறு ஒன்று எவ்விதம் சாகிறது என்பதைக் கண்ணால் கண்ட ஜனங்கள் நாம்.

உங்களில் பெரும்பாலோர் மதுரை, தேனி, இராமநாதபுரம், திருவாரூர் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். ஒடிசாவிலும் பீகாரிலுமிருந்து வந்தவர்களும் இப்போது ஏராளம். சிட்கோவிலிருந்து வடக்கே கூப்பிடு தூரத்தில் காசிபாளையத்தை ஒட்டி ஓடுகிற நொய்யலை நீங்கள் பார்த்த நாள்முதல் நுரையும் கறுப்புமாகத்தான் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காஞ்சிமாநதி என்று பழைய பெயர் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டு வந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய ஊரருகே காவிரியில் கலக்கிற அந்த நதியின் கரையில்தான், நமக்குக் கிழக்கே, கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்கிற அவ்வூரில், 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னர் மற்றவர்களும் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, மணிக்கற்களைப் பட்டை தீட்டித் துளையிட்ட பட்டறைகளும், சங்கு அறுத்த இடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தூர தேசங்களுக்குச் சரக்கு அனுப்பிய ஊர் அது. அவர்களும் தொழில்தான் செய்தார்கள், ஏற்றுமதிதான் செய்தார்கள். அவர்கள் போன பிறகும் ஆறு இருந்தது.

என் தகப்பனார் காலத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கவலை பூட்டி இறைத்த தண்ணீர் இளநீர்போல் இருக்கும். நான் தலையெடுத்தபின், கம்பெனிகள் பெருகப் பெருக, சாயப்பட்டறைகளும் பெருகின. துணியில் சாயம் பற்றுவதற்கு மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்ட வேண்டும்; பற்றியபின் அந்த உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். ஒரு பட்டறைக்காரரிடம் நான் நேரிலே போய் முறையிட்டபோது, "எங்க ஒருத்தர் தண்ணியிலயா ஆறு கெட்டுப்போயிருமுங்க?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். உண்மையாகவே அப்படி நம்பினார். அடுத்த பட்டறைக்காரரும் அப்படியே நம்பினார். நாலைந்து வருஷங்களில் எங்கள் கிணற்றுநீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயலுக்குப் பாய்ச்சவென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, அணை கட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டிய உழவர்களே, இந்த அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று நீதிமன்றம் ஏறிய விபரீதம் நம் கண்முன் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிவிட்டது. அப்போது வேலையிழந்து சொந்த ஊருக்கு மூட்டை கட்டியவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்து, தொழில் பிழைத்தது. ஆறு இன்னும் முழுதும் பிழைக்கவில்லை.

"எங்க ஒருத்தர் தண்ணியிலயா" என்ற அந்த வாக்கியத்தைத்தான் கொடிவேரிப் பாறையிலே நான் மறுபடியும் கேட்டேன். சோப்பு நுரையோடு நின்ற ஒரு பையனிடம், "தம்பி, ஆற்றில் சோப்புப் போடாதே" என்று சொன்னபோது, "ஒரு சோப்புல என்ன ஆயிரும் தாத்தா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

கொடிவேரியில் நீங்கள் ஆற்றில் விடுவது எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அணைக்குக் கீழே விழுந்த நீர் பவானி நகரை நோக்கி ஓடி, காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னே, காலிங்கராயன் அணையைச் சேர்கிறது. 13-ஆம் நூற்றாண்டிலே காலிங்கராயன் என்பவன் அந்த அணையைக் கட்டி, அங்கிருந்து 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும்படி ஒரு வாய்க்காலை வெட்டி, பவானியின் நீரைக் கொடுமுடி வட்டாரத்தில் நொய்யலின் கடைமடை வரையில் கொண்டுவந்து சேர்த்தான். ஆக, எந்த இரண்டு நதிகளைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேனோ, அவ்விரண்டுக்கும் அவன் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உறவு முடித்து வைத்துவிட்டான். அந்தக் காலிங்கராயன் அணைக்குக் கீழேதான் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தின் முதல் நீரேற்று நிலையம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திட்டம், பவானியின் உபரிநீரைக் குழாய் வழியே மேடேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. இதுவன்றி, மேட்டுப்பாளையத்தில் எடுக்கும் பவானி நீரையும், பவானி நகருக்கருகே எடுக்கும் காவிரி நீரையும் நம்பியே நம் பட்டணம் குடிக்கிறது, துவைக்கிறது, சாயம் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொடிவேரியில் விட்டுவந்த நுரை எங்கோ கண்காணாத தேசத்துக்குப் போய்விடவில்லை. அவிநாசிப் பக்கத்துக் குளத்தில் ஊறி, அக்கரையோரத்துக் கிணற்றில் சுரந்து, உங்கள் ஓவர்லாக்குக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற பெண்ணின் வீட்டுக் குடத்தில் வந்து நிற்கக் கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஆற்றின் நலத்துக்காக அன்று, உங்கள் நலத்துக்காக. 1955-இல் கட்டி முடித்த பவானிசாகரில் மதகைத் திறந்தால், அந்த நீர் கொடிவேரிக்கு வந்து சேர நேரம் செல்லும்; வரும் வரையில் ஆறு அமைதியாகவே தெரியும். உங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும், நீலகிரியில் பெய்த மழை உங்கள் காலைப் பறித்துவிடும். குளிக்கத் தடை என்று வாசற்கதவை அடைத்திருந்தால், இவ்வளவு தூரம் வந்தோமே என்று வேறு வழியாகக் கரையிறங்காதீர்கள். அணையின் மேற்புறத்தில் நீர் அசையாமல் கண்ணாடிபோல் கிடப்பதைப் பார்த்து ஆழமில்லையென்று எண்ணி இறங்கியவர்களும், மதுமயக்கத்தில் நீந்தத் துணிந்தவர்களும் திரும்பாமற்போன செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். திங்கட்கிழமை காலையில் ஒரு பவர் டேபிள் ஆளின்றி நிற்க, மற்றவர்கள் தலைகுனிந்து தைக்கிற காட்சியை என் வாழ்நாளில் ஒருமுறை கண்டுவிட்டேன். அது போதும்.

நீங்கள் என்ன மறுமொழி சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். குப்பைத் தொட்டி போதவில்லை, காவலர் கண்டுகொள்வதில்லை, கடைக்காரர்களே பிளாஸ்டிக்கில்தான் கட்டித் தருகிறார்கள், பெரிய பெரிய முதலாளிகள் ஓர் ஆற்றையே கெடுத்தபோது எவரும் கேட்கவில்லை, ஏழை ஒரு நாள் குளிக்கப் போனால்தான் உபதேசமா? இவற்றில் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி. நொய்யலைக் கெடுத்தவர்களில் பெரும்பாலோர் உங்களைவிடப் பன்மடங்கு வசதியுள்ளவர்கள். அவர்களுக்கு மலைவாசஸ்தலங்களில் பங்களா உண்டு, அயல்நாட்டுக் கடற்கரைக்குப் போகச் சௌகரியமும் உண்டு. உங்களுக்கு இருப்பது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஒரு கொடிவேரியுமே. அது கெட்டால் அவர்களுக்கு நஷ்டமில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆதலால்தான் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் விண்ணப்பித்துக் கொள்வது அதிகமில்லை. வேனில் மதுப்புட்டியை ஏற்றாதீர்கள். ஏற்றுகிற நண்பனை உரிமையோடு தடுங்கள், உங்கள் குழந்தையின் குதிகாலை நினைத்துக்கொண்டு தடுங்கள். சோப்பையும் ஷாம்பூவையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 900 ஆண்டுகளாக வெறும் நீராலேயே அங்கே ஜனங்கள் சுத்தமாகியிருக்கிறார்கள். சோற்றைப் பாத்திரத்தில் கொண்டுபோய் வாழையிலையில் உண்ணுங்கள். அந்தப் பக்கத்தில் இலைக்குப் பஞ்சமில்லை. தமிழ் தெரியாத ஒடிசாத் தம்பியும் பீகார்த் தம்பியும் உங்களோடு வந்தால், அவர்களுக்கு இந்த அணையின் கதையை உங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்லுங்கள். சொல்லாத குற்றம் நம்முடையதாக இருக்கும்போது அவர்கள்மீது பழிபோடுவது தர்மமன்று. அவ்வளவு தூரம் போக முடியாத வாரத்தில், ஊத்துக்குளிச் சாலையருகே உள்ள நஞ்சராயன் குளத்துக்குப் பிள்ளைகளை மாலைப்பொழுதில் அழைத்துப் போங்கள். இமயத்தைக் கடந்து வருகிற வாத்துகள் இறங்குகிற அந்தக் குளம், 2024-இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நம் பட்டணத்து எல்லையிலேயே அப்படியோர் இடம் இருப்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

கடைசியாக ஒன்று. உங்கள் கம்பெனியில் கட்டிங் மேசைக்கு அடியில், வேஸ்ட் துணி கட்டுகிற சாக்குகள் மடித்துக் கிடக்கும். வரும் ஆடிப் பதினெட்டுக்குக் கொடிவேரிக்குப் புறப்படும்போது, அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்கி வேனில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தின்றதின் மிச்சத்தையும், கூடுமானால் உங்களுக்கு முன்னே வந்தவர்கள் விட்டுப்போனதில் கொஞ்சத்தையும் அதில் அள்ளிக்கொண்டு வாருங்கள். எங்கே கொட்டுவது என்று கவலைப்பட வேண்டாம். அன்றிரவு எட்டரை மணிக்கு மேல் உங்கள் வேன் வந்து நிற்கிற சிட்கோ முனையில், மாட்டு வண்டி வைத்திருக்கிற என் பங்காளி ஒருவரோடு நான் காத்திருப்பேன். தூங்கும் குழந்தைகளை நீங்கள் தோளில் சார்த்திக்கொண்டு இறங்குங்கள். சாக்குகளை நாங்கள் இறக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
முதலிபாளையத்துக் குடியானவன் ஒருவன்